டர்பன் தோட்டத்துக்குச் சைசல் கட்டை: எதை வாங்கலாம், எதைத் தொடவே வேண்டாம்

டர்பன் பக்கம் எந்த நர்சரிக்குப் போனாலும் வாசல் ஓரமாக நாலைந்து கட்டைகளைச் சாய்த்து வைத்திருப்பார்கள். சாம்பல் பூத்த பழுப்பு நிறம். தூக்கினால் கனமே தெரியாது. மேலே தகரத்திலோ புல்லிலோ ஒரு கூரை, நடுவில் ஓர் ஓட்டை, கழுத்தில் ஒரு கம்பி. சைசல் லாக் என்றும் பார்பெட் லாக் என்றும் சீட்டு ஒட்டியிருக்கும். பார்பெட் என்றால் குக்குறுவான், மரத்தில் பொந்து குடைந்து குஞ்சு பொரிக்கும் பறவை; அது குடைவதற்கான கட்டை இது. பலர் தோட்டத்துக்கு அழகு என்று வாங்கி வராந்தாவில் தொங்கவிடுகிறார்கள். அங்கே அதில் எதுவும் குடியேறாது. சரியான கட்டையைத் தேர்ந்து சரியான இடத்தில் கட்டினால், நகரத் தோட்டத்துக்கு வாங்கக்கூடிய பொருள்களில் இதைவிடப் பயனுள்ளது அதிகம் இல்லை. ஆனால் கடையில் நிற்பவற்றில் பாதிக்கு மேல் தவறான அளவில் வெட்டியவை.

சைசல் என்பது ஆனைக்கற்றாழையின் இனம், நார் எடுக்கிற செடி. வாழ்நாளில் ஒரே ஒரு தடவை பூக்கும். அப்போது நடுவிலிருந்து ஒரு தண்டு வீட்டுக் கூரையைத் தாண்டி எழும்பும். பூத்து ஓய்ந்ததும் செடி செத்துவிடும். காய்ந்து நிற்கும் அந்தத் தண்டைத்தான் துண்டு போட்டு விற்கிறார்கள். வெளித்தோல் கெட்டி, உள்ளே முழுக்க நெட்டி. மரங்கொத்தியைப் போல உறுதியான மரத்தைக் குடையும் வலு குக்குறுவானின் அலகுக்குக் கிடையாது. அதற்குப் பட்ட மரம் வேண்டும்: நின்றபடியே காய்ந்து, உள்ளே இளகிய மரம். டர்பன் புறநகர்களான சாட்ஸ்வர்த்திலும் பீனிக்ஸிலும் சிறு வளவுகளில் அப்படி ஒரு கிளை தெரிந்தாலே அறுத்துவிடுகிறோம். பக்கத்து வீட்டின் மேல் விழுமோ, மின்கம்பியில் சாயுமோ என்ற பயம் நியாயமானது. அதன் விளைவாக, பழ மரம் நிறைய இருந்தும் பொந்து இல்லாத ஊராகிவிட்டது. நகரத்துக் குக்குறுவானுக்குத் தீனியைவிடப் பெரிய பஞ்சம் பட்ட மரம்தான். இந்தக் கட்டை தருவதும் அந்தப் பட்ட மரத்தைத்தான், வேறொன்றும் இல்லை. இதை மனதில் வைத்தால் எந்தக் கட்டை நல்லது என்று தானே விளங்கும்.

யார் வருவார்கள்? தமிழ்நாட்டுக் குக்குறுவானின் “டொக் டொக்” என்ற தட்டான் ஓசையைக் கேட்டவர்களுக்கு டர்பனின் டிங்கர்பேர்ட் உடனே பிடிபடும். அதே சீரான ஓசை, அதைவிடச் சிறிய உடல். அதற்குக் கட்டை வேண்டாம், மெல்லிய பட்ட கிளை போதும். கட்டையில் குடையக்கூடியவை இரண்டு. முகமும் தொண்டையும் சிவந்து, கீழே கறுப்புப் பட்டை கட்டியிருப்பது பிளாக் காலர்ட் பார்பெட். இரண்டு பறவையாகச் சேர்ந்து தலையை ஆட்டி ஆட்டிப் பாடும். காதோரம் வெள்ளைக் கோடு உள்ளது ஒயிட் இயர்ட் பார்பெட். தென்னாப்பிரிக்காவில் இந்தக் கடற்கரைப் பக்கம்தான் காணலாம், கூட்டமாகத் திரியும், பட்ட மரத்தின் உச்சியில் வரிசையாக உட்காரும். உள்நாட்டு மாகாணமான கௌட்டெங்கில் உள்ள உறவினருக்கு வாங்கி அனுப்பினால் அங்கே வருவது பெரும்பாலும் கிரெஸ்டட் பார்பெட்; அது கொஞ்சம் பெரிய பறவை, இன்னும் தடித்த கட்டை கேட்கும்.

இப்போது அளவு. விற்பனையில் அதிகம் தவறுவது இங்கேதான். பறவை வாசலைக் குடைந்து உள்ளே போய்ப் பிறகு கீழ்நோக்கித் தோண்டும். உள்ளறை ஏறக்குறைய 100 மில்லிமீட்டர் அகலம் வேண்டும். இரு பக்கமும் 25 மில்லிமீட்டர் சுவராவது நிற்க வேண்டும். ஆகவே கட்டையின் குறுக்களவு 150 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. அந்தத் தடிமன் சைசல் தண்டின் அடிப்பாகத்தில் மட்டும்தான் கிடைக்கும். மேல் பாகத்தை வெட்டி 100, 110 மில்லிமீட்டரில் விற்பதை வாங்கினால் பறவை தோண்டும்போது பக்கச் சுவர் பிய்த்துக்கொள்ளும், பாதியில் விட்டுவிட்டுப் போகும். நீளம் 600 மில்லிமீட்டருக்கு மேல். 800 இருந்தால் மிக நல்லது. 400 மில்லிமீட்டர்த் துண்டுகளை “சின்ன வீட்டுக்கு ஏற்றது” என்று சொல்லி விற்கிறார்கள். வாங்காதீர்கள். தோண்டத் தோண்டத் தரை கட்டையின் அடி வெட்டு வரை போய்விடும். அந்த நெட்டி ஈரத்தில் ஊறி, ஒரு நாள் அடியோடு கழன்று விழும். முட்டையோ குஞ்சோ உள்ளே இருக்கும்போது இது நடந்தால் மொத்தமும் போச்சு.

கடையிலேயே சோதிக்க வேண்டியவை சில. வெட்டு முகத்தைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். லேசாகப் பதிந்து, உலர்ந்த தூள் விரலில் ஒட்டினால் பக்குவம். சதசதவென்று இருந்தால் சரியாகக் காயாத தண்டு. சில மாதத்தில் பூஞ்சை பிடிக்கும். கனமாக இருந்தாலும் அதே காரணம்தான். நெடுக்கு வெடிப்பு மேலிருந்து கீழ் வரை ஓடியிருந்தால் விட்டுவிடுங்கள். மயிரிழை வெடிப்பு பரவாயில்லை. வார்னிஷ், பெயின்ட், கிரியோசோட் என்னும் தார் எண்ணெய் பூசியது எதுவும் வேண்டாம். தண்டின் பக்கக் காம்புகளில் குட்டிச் செடிகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றனவா என்று பாருங்கள். சைசல் பரவுவது பெரும்பாலும் அந்தக் குட்டிகளால்தான். தென்னாப்பிரிக்காவின் ஊடுருவும் அயல் இனப் பட்டியலில் அது இரண்டாம் வகை, அனுமதியின்றி வளர்க்கக்கூடாத செடி. ஒரு குட்டி மண்ணில் விழுந்தாலும் வேர் பிடிக்கும்.

பிறகு அந்த ஓட்டை. வாங்குவோருக்குப் பிடிக்க வேண்டும் என்று 60, 70 மில்லிமீட்டரில் பெரிதாகத் துளைத்து, உள்ளேயும் குடைந்து வைத்திருப்பார்கள். இந்தப் பொருளின் மிகப் பெரிய கோளாறு இது. அவ்வளவு பெரிய வாசலில் முதலில் நுழைவது மைனா. 1902 வாக்கில் டர்பனில் தப்பிப் பெருகிய நம் நாட்டு நாகணவாய்தான். இங்கே அயல் ஊடுருவி என்று பட்டியலிடப்பட்ட பறவை. பொந்துக்காகக் குக்குறுவானைத் துரத்தி அடிக்கும். வாசல் 40 மில்லிமீட்டருக்குள் இருந்தால் மைனா நுழைவது கடினம். இன்னொன்றும் உண்டு: குக்குறுவானுக்குத் தானே தோண்டுவது வேண்டும். இணை சேர்வதில் அந்த வேலைக்கும் பங்கு இருக்கிறது. முழுதாகக் குடைந்த கட்டையைவிட முழுக்கட்டையே அதற்குப் பிடிக்கும். ஆகவே ஓட்டையே இல்லாத கட்டை கிடைத்தால் அதை எடுங்கள். வீட்டில் 35 மில்லிமீட்டர் ஸ்பேட் பிட் (தட்டையான துளைப்பான் முனை) வைத்து, மேல் முனையிலிருந்து 150 மில்லிமீட்டர் கீழே, 20 மில்லிமீட்டர் ஆழத்துக்கு ஒரு குழி மட்டும் போடுங்கள். மிச்சத்தை அது பார்த்துக்கொள்ளும். பெரிய ஓட்டையுள்ள கட்டை ஏற்கெனவே கையில் இருந்தால், அந்தப் பக்கத்தை மரத்தோடு ஒட்டவைத்துக் கட்டிவிட்டு எதிர்ப்பக்கத்தில் புதுக் குழி போடலாம். உள்ளே குடைந்த பள்ளம் ஆழமாக இல்லை என்றால் மட்டும்.

வாசலுக்குக் கீழே சின்ன உட்காரும் குச்சி ஆணியடித்து விற்பார்கள். அதைப் பிடுங்கிவிடுங்கள். குக்குறுவான் கட்டையின் மேற்பரப்பிலேயே நகம் பதித்து நிற்கும். குச்சியால் பயன் மைனாவுக்கும் முட்டை தேடும் மற்றப் பறவைகளுக்கும்தான்.

கூரை முக்கியம், அலங்காரம் முக்கியமில்லை. மேல் வெட்டு முகம் திறந்திருந்தால் நெட்டி மழை நீரை உறிஞ்சிக் கீழே இறக்கும். டர்பன் ஈரத்தில் ஒரே கோடையில் உள்ளே கறுத்துவிடும். சுற்றிலும் 50 மில்லிமீட்டர் வெளியே நீட்டும் பலகையோ ஓட்டுத் துண்டோ போதும். தகரம் என்றால் இடையில் ஒரு பலகை வையுங்கள், இல்லையென்றால் மதிய வெயிலில் உள்ளறை அடுப்பாகும். புல் வேய்ந்த கூரைக்கு எலி வரும். அதற்குக் கூடுதல் விலை கொடுப்பது வீண்.

கட்டும் இடத்துக்கு வருவோம். இணையத்தில் கிடைக்கும் குறிப்புகள் பெரும்பாலும் வட அரைக்கோளத்தில் எழுதியவை; திசையை அப்படியே எடுத்தால் இங்கே தலைகீழாகும். நமக்கு வெயில் வடக்கிலிருந்து. மழையும் குளிர்காற்றும் தென்மேற்கிலிருந்து திடீரென்று வந்து அடிக்கும். வாசல் கிழக்கு அல்லது வடகிழக்கு பார்க்கட்டும். பதினொரு மணிக்கு மேல் கிளை நிழல் விழும் இடமாக இருக்கட்டும். உயரம் தரையிலிருந்து 2.5 முதல் 4 மீட்டர். மேல் முனை கொஞ்சம் முன்னால் சாய்ந்திருந்தால் வாசல் கீழ்நோக்கும், மழை உள்ளே போகாது.

கழுத்தில் கம்பி கட்டித் தொங்கவிடும் முறையை அடியோடு விடுங்கள். காற்றில் ஆடும் கட்டையில் பறவை தோண்டாது. மேலும் கீழும் இரண்டு கட்டுப் போட்டு மரத்தோடு இறுக்க வேண்டும். துருப்பிடிக்காத கம்பியைப் பழைய தோட்டக் குழாய்த் துண்டுக்குள் விட்டுச் சுற்றுங்கள். வெறும் கம்பி மரம் பருக்கப் பருக்கப் பட்டைக்குள் இறங்கி மரத்தையே கொன்றுவிடும். ஆண்டுக்கு ஒரு தடவை தளர்த்திக் கட்டுங்கள். வளவில் மரமே இல்லை என்றால் 50 மில்லிமீட்டர் இரும்புக் குழாயை 600 மில்லிமீட்டர் ஆழத்தில் கான்கிரீட் போட்டு நட்டு, அதன் உச்சியில் பொருத்தலாம். குழாயில் ஒன்றரை மீட்டர் உயரத்தில் கவிழ்த்த புனல் போலத் தகரம் மாட்டினால் பூனையும் எலியும் ஏறாது.

குரங்குக்கு அந்தத் தகரம் தடையில்லை. சில்வர்கிளென் காப்பகத்தை ஒட்டிய தெருக்களிலும் வெஸ்ட்வில், குயின்ஸ்பர்க் பக்கமும் வெர்வெட் குரங்குகள் தினசரி சுற்று வரும். தளர்வாகக் கட்டிய கட்டையைப் பிடுங்கி எறியும், வாசலில் கைவிட்டு முட்டையை எடுக்கும். ஆழமாகத் தோண்ட இடம் உள்ள நீளமான கட்டைதான் இதற்குப் பாதுகாப்பு, கை எட்டாது. அதே காரணத்தால், கட்டை கட்டிய வளவில் பப்பாளியும் வாழைப்பழமும் தட்டில் வைக்காதீர்கள். அந்தத் தட்டுக்கு முதலில் வருவது குரங்கு, இருட்டியதும் எலி.

மாட்ட வேண்டிய காலம் ஜூன், ஜூலை. ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கூழ் வார்ப்பதற்கு முன் மரத்தில் ஏறியிருக்க வேண்டும் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். ஆகஸ்ட் கடைசியில் தோண்டத் தொடங்கும். செப்டம்பரிலிருந்து கோடை நடுப்பகுதி வரை குஞ்சு பொரிக்கும். முட்டை விரிய மூன்று வாரத்துக்குச் சற்றுக் குறைவு, குஞ்சு வெளியே வர அதற்குமேல் ஐந்து வாரம். தீபாவளி சரியாக இந்தக் காலத்தில் வருகிறது என்பதை நாம்தான் நினைவில் வைக்க வேண்டும். உள்ளே குஞ்சு இருக்கும்போது கட்டைக்கு அருகில் வெடி வைத்தால் தாய் இரவில் வெளியே பறந்துவிடும், இருட்டில் திரும்பி வரத் தெரியாது. வெடி வெடிக்கும் முற்றத்துக்கு எதிர்ப்பக்கத்தில், வீடு இடையில் மறைக்கும் இடத்தில் கட்டுங்கள். பழைய மாமரங்கள் நிற்கும் கோயில் வளவுகள் இந்தக் கட்டைக்கு மிக நல்ல இடம். அங்கும் வாணவேடிக்கை நடக்கும் பக்கத்தை விட்டு மடைப்பள்ளிக்குப் பின்னால் கட்டலாம்.

முதல் ஆண்டு யாரும் வரவில்லை என்றால் கழற்றாதீர்கள். குளிர்காலத்தில் குடும்பமாக இரவு தங்குவதற்கும் பொந்து தேவைப்படும்; ஏப்ரல், மே மாதங்களில் தோண்டத் தொடங்குவதும் உண்டு. கட்டைக்குக் கீழே மரத்தூள் உதிர்ந்திருந்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். ஏணி வைத்து எட்டிப் பார்க்க வேண்டாம், டார்ச்சும் வேண்டாம்.

இரண்டாவது விருந்தாளிகள் பற்றிச் சில வார்த்தை. சின்னதாக, சாம்பல் பச்சையாக ஒரு பறவை கட்டையைச் சுற்றிச் சுற்றி வந்து குக்குறுவானிடம் துரத்து வாங்கினால் அது லெஸ்ஸர் ஹனிகைடு, தேன்காட்டிப் பறவை. குயில் காக்கைக் கூட்டில் இடுவதுபோல் இது குக்குறுவான் பொந்தில் முட்டை இடும். அதன் குஞ்சு மற்றக் குஞ்சுகளைக் கொன்றுவிடும். பார்க்க மனம் பதைக்கும். ஆனாலும் கை வைக்காதீர்கள். அதுவும் இந்த மண்ணின் பறவை, அதற்கு வேறு வழியில் குஞ்சு வளர்க்கத் தெரியாது. மெல்லிய பச்சைப் பாம்பு கட்டையில் ஏறினால் பெரும்பாலும் விஷமற்ற ஸ்பாட்டெட் புஷ் ஸ்நேக், பல்லியையும் தவளையையும் தேடி வந்தது. ஆனால் பூம்ஸ்லாங்கும் பச்சையாக இருக்கக்கூடும், அது கடும் விஷம். அடையாளம் தெரியாவிட்டால் தள்ளி நில்லுங்கள், அடிக்காதீர்கள். வசந்தத்தில் தேனீக் கூட்டம் புகுந்தால் மருந்து அடிக்கக்கூடாது. ஆப்பிரிக்கத் தேனீ மொத்தமாகச் சீறி வரும். தேனீ வளர்ப்பவரை அழைத்தால் மாலைக்கு மேல் வந்து கூட்டத்தைப் பெட்டிக்கு மாற்றிக்கொண்டு போவார்.

கடையில் கட்டைக்குப் பக்கத்திலேயே அடுக்கியிருக்கும் மற்ற இரண்டு பொருள்களைப் பற்றியும் கேட்பார்கள். ஒட்டுப்பலகையில் செய்த சின்னப் பறவை வீடு குக்குறுவானுக்கு உதவாது, தோண்ட ஒன்றும் இல்லை. டர்பனில் அதில் குடியேறுவது பெரும்பாலும் வீட்டுக் குருவி. ஆந்தைப் பெட்டி வாங்கினால் எந்த ஆந்தைக்கு என்று கேளுங்கள். நம் தெருவிளக்கில் உட்காரும் ஸ்பாட்டெட் ஈகிள் அவுல் மூடிய பெட்டிக்குள் போகாது, முன்பக்கம் திறந்த தட்டு வேண்டும். மூடிய பெட்டி கூகைக்கு. கடையில் விற்பது பெரும்பாலும் மூடியது, அதில் முதலில் குடியேறுவது தேனீ. எலி மருந்து வைக்கும் வீட்டில் ஆந்தைப் பெட்டி மாட்டவே கூடாது. மருந்து தின்ற எலியைத் தின்று ஆந்தை உள்ளுக்குள் இரத்தம் கசிந்து சாகும்.

கட்டையே வாங்காமல் இருக்க ஒரு வழி உண்டு; இடம் இருந்தால் அதுதான் மேல். வளவில் சிரிங்கா மரம் நிற்கிறதா? வேப்பிலை கிடைக்காத இந்த நாட்டில் அம்மன் வழிபாட்டுக்கு அதன் இலையைத்தான் முன்னோர் கையாண்டார்கள், ஆகவே பல வீடுகளில் இருக்கும். ஊடுருவும் அயல் இனப் பட்டியலில் நகரப் பகுதிக்கு அது மூன்றாம் வகை: இருப்பதை வைத்துக்கொள்ளலாம், புதிதாக நடவோ விற்கவோ கன்று கொடுக்கவோ கூடாது, ஓடைக் கரையில் என்றால் அகற்றியே ஆக வேண்டும். எப்படியும் எடுக்கப் போகிறீர்கள் என்றால் அடியோடு வெட்டாதீர்கள். கிளைகளை எல்லாம் இறக்கிவிட்டு 3 மீட்டர் அடிமரத்தை மட்டும் நிறுத்துங்கள். தரையிலிருந்து 300 மில்லிமீட்டர் வரை பட்டையைச் சுற்றிலும் முழுதாக உரித்துவிட வேண்டும். ஒரு விரல் அகலப் பட்டை விட்டாலும் துளிர்க்கும். உரித்த இடத்தில் களைக்கொல்லி உடனே பூசாவிட்டால் வேரிலிருந்து முளைக்கும். ஓரிரு ஆண்டில் மரம் இளகி, சைசல் கட்டையைவிடப் பல ஆண்டு கூடுதலாக நிற்கும் பொந்து மரமாகும். அடிமரத்தின் உயரம், அதிலிருந்து சுவருக்கோ மின்கம்பிக்கோ உள்ள தூரத்தைவிடக் குறைவாக இருக்கட்டும்.

வெளியூரிலிருந்து பட்ட மரத்தை லாரியில் கொண்டுவருவது மட்டும் கூடாது. 2017-இல் பீட்டர்மாரிட்ஸ்பர்க் தாவரவியல் பூங்காவில், இந்த நாட்டில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட ஷாட் ஹோல் போரர் வண்டு இப்படித்தான் விறகோடும் கட்டையோடும் ஊர் ஊராகப் பரவுகிறது. எள்ளைவிடச் சிறிய வண்டு, ஆனால் அது சுமந்துவரும் பூஞ்சை பெரிய மரத்தையே சாய்க்கும். பட்டையில் பேனா முனைக்கும் சிறிய துளைகள் பல தெரிந்தால் அந்த மரத்தை இடத்திலேயே சிறு சில்லுகளாக அரைக்க வேண்டும்.

பழத்துக்குச் சிறு வளவில் அத்தி நடாதீர்கள். குக்குறுவானுக்கு உயிர், ஆனால் வேர் கழிவுநீர்க் குழாய்க்குள் போய்விடும். சுவரிலிருந்து 3 மீட்டர் தள்ளி ட்ரீ ஃபுஷியா என்னும் உள்ளூர் மரம் ஒன்று போதும்: பூவுக்குத் தேன்சிட்டு, பழத்துக்குக் குக்குறுவான். இடம் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் பிஜன்வுட். இரண்டு மூன்று ஆண்டில் கூரை உயரம் வளரும், பழம் சதா இருக்கும், ஆயுள் குறைவு. அது பட்டுப்போகும்போது அதன் மென்மையான மரமே பொந்துக்கு ஆகும். நம் நாவல் இந்த மாகாணத்தில் ஊடுருவி மரங்களின் பட்டியலில் இருக்கிறது. அதன் உள்ளூர் உறவான உம்டோனியை ஈரமான மூலையில் நடலாம், பழமும் நாமே சாப்பிடலாம்.

சைசல் கட்டை இரண்டு மூன்று மழைப்பருவம் தாங்கும். கட்டைவிரலால் அழுத்தும்போது வெளித்தோலே உள்ளே போனால் காலம் முடிந்தது. புதிய கட்டையை ஜூனில் பழையதற்குப் பக்கத்திலேயே கட்டுங்கள். அதில் தூள் உதிரத் தொடங்கிய பிறகு, பழையதில் இரவு யாரும் தங்கவில்லை என்று ஒரு வாரம் அந்திநேரத்தில் பார்த்து உறுதி செய்துகொண்டு, அதை இறக்கி வேலியோரப் புதரடியில் கிடத்துங்கள். குப்பை லாரிக்குப் போட வேண்டாம். வண்டுப் புழுவும் அரணையும் அதில் இன்னும் சில ஆண்டு இருக்கும்.